‘ஆனால்’ நிற்கும் இடம்

எங்கள் நாட்டில் க.பொ.த. சாதாரண தரத்துக்குத் ‘தமிழ் இலக்கிய நயம்’ என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பாட்டைக் கையில் கொடுத்து, சொல் எங்கே அழகாக விழுந்திருக்கிறது, ஓசை எப்படிப் பொருளுக்குத் துணைபோகிறது, புலவன் சொல்லாமல் விட்டது எது என்று எழுதச் சொல்வோம். நான் அதைத்தான் படிப்பிக்கிறேன். பாட்டுக்கு நயம் எழுதலாம், உரைநடைக்கும் எழுதலாம். கணினிக்கு எழுதுகிற செய்நிரலுக்கும் எழுதலாம் என்று எனக்குக் காட்டித் தந்தவன் என் தங்கையின் மகன். நிலாவெளி கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறான். லீவுக்குத் தோப்பூர் வந்திருந்தபோது ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து திண்ணையில் இருந்தோம். மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவைத்து, “மாமா, இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க” என்றான்.

கடல் = "அமைதி"
@( கடல் == "அமைதி" ) ஆனால்
    பதிப்பி "லோஞ்சில் போ"
இல்லை
    பதிப்பி "பஸ்ஸில் போ"
முடி

செய்நிரலாக்கம் படிக்காத எனக்கு ஓரிடத்திலும் தடக்கவில்லை. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் பிறந்தவர் யாருக்குமே தடக்காது. மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போவது எங்கள் ஊராருக்குப் பழகிய பயணம். கடல் கொந்தளித்தால் தரைவழிதான். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தத் தரைவழியிலும் அந்த இடத்தில் தண்ணீர் குறுக்கிட்டது. ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரை சேரவேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எங்கள் வாப்பாமார் வானத்தைப் பார்த்து மனசுக்குள் போட்ட கணக்குத்தான் இந்த ஆறு வரியிலும் இருக்கிறது.

மருமகன் எழுதியது சின்னப் பயிற்சி. அவன் எழுதிய மொழியைப் பற்றித்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். அதன் பெயர் எழில். தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுத உதவும் மொழி அது. அதைச் செய்தவர் முத்தையா அண்ணாமலை. அமெரிக்காவின் ஆர்லிங்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் இதில் இறங்கினார். எழிலின் அமைப்பை விளக்கும் அவருடைய கட்டுரை 2009 ஜூலையில் வெளிவந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியிலேயே செய்நிரலாக்கத்தைத் தொடங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற கட்டற்ற உரிமத்தோடு மூலநிரலையும் பொதுவில் வைத்தார். ஆய்வுக்குரிய வேலை ஒருபக்கம் இருக்க, மனசுக்குப் பிடித்த வேலையாக இதைச் செய்தார்.

மாணவர் தம் விருப்பத்துக்குச் செய்கிற வேலையின் வீரியத்தை உலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1991 ஓகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்கு என்றும் அறிவித்தார். அந்தப் பொழுதுபோக்குத்தான் லினக்ஸ். இன்று கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளுக்குள் அதுவே ஓடுகிறது. எழில் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஆனாலும் நயம் பாராட்டுகிறவன் பரப்பை அளப்பதில்லை. இரண்டடிப் பாட்டுக்கும் நாங்கள் பக்கம் பக்கமாக நயம் எழுதுகிறோம்.

முதலில் அந்த ‘ஆனால்’ நிற்கும் இடத்தைப் பாருங்கள். சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைதனும் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டிலும் ‘இஃப்’ என்ற சொல் வரியின் தலையில் நிற்கும்; நிபந்தனை அதற்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தின் இயல்பு அது. தமிழ் அப்படிப் பேசுவதில்லை. “மழை பெய்தால் வயலுக்குப் போகவேண்டாம்” என்கிறபோது மழையை முதலில் சொல்கிறோம், பெய்வதைச் சொல்கிறோம், அதற்குப் பிறகுதான் ‘ஆல்’ என்று நிபந்தனையைக் கட்டுகிறோம். கேட்கிறவர் அந்த ‘ஆல்’ வரும்வரை காத்திருக்கிறார். ‘இஃப்’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்திருந்தால் வேலை அரை நாளில் முடிந்திருக்கும். சொல் தமிழாக இருக்கும், வாக்கியம் ஆங்கிலமாகவே இருக்கும். எழிலைச் செய்தவர் அப்படிச் செய்யவில்லை. நிபந்தனையை முன்னால் விட்டார், ‘ஆனால்’ என்பதைப் பின்னால் நிறுத்தினார். “கடல் அமைதி ஆனால், லோஞ்சில் போ.” மருமகனும் அதைத்தான் சொன்னான்: “நாங்க கதைக்கிற மாதிரியே இருக்கு, மாமா.”

‘ஆனால்’ என்ற சொல்லைத் தேர்ந்ததிலும் ஓர் ஆழம் இருக்கிறது. இன்றைய பேச்சில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மறுத்துச் சொல்லப்போகிறார் என்றே நினைப்போம். “வருவேன், ஆனால் நேரமாகும்” என்பது போல. அதன் பிறப்பு வேறு. ‘ஆகு’ என்ற வினையின் நிபந்தனை எச்சம் அது. ‘அப்படியானால்’, ‘மாலையானால்’ என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. தேய்ந்துபோன ஒரு சொல்லை எடுத்துத் துடைத்து அதன் முதல் பொருளில் உட்காரவைப்பது நல்ல கவிஞர்கள் செய்கிற வேலை. இங்கே ஒரு பொறியியல் மாணவர் செய்திருக்கிறார்.

இனி அந்த வரியின் தலையிலுள்ள ‘@’ குறி. முதலில் பார்த்தபோது அது எனக்கு வேண்டாத அலங்காரமாகத் தெரிந்தது. யோசித்தபோதுதான் அதன் பணி விளங்கிற்று. ஆங்கிலச் செய்நிரல் மொழிகளில் ‘இஃப்’ முன்னால் நின்று, இதோ ஒரு நிபந்தனை வருகிறது என்று கணினிக்கு அறிவித்துவிடும். எழிலில் அறிவிக்கிற சொல் கடைசியில் நிற்கிறது. தமிழ் கேட்டு வளர்ந்த காது வாக்கியம் முடியும்வரை பொறுத்திருக்கும். இயந்திரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. ‘@’ அதற்கு முன்கூட்டியே சைகை காட்டுகிறது: கொஞ்சம் பொறு, அடைப்புக்குள் இருப்பதை வாங்கிக்கொள், என்ன செய்வதென்று பிறகு சொல்கிறேன். தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கைக் காப்பாற்றுவதற்குக் கொடுத்த விலை ஒரே ஒரு குறி. அந்தப் பேரம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்தது ‘வரை’. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சொல் அது. களத்தில் மூட்டை எண்ணுவதை இப்படி எழுதலாம்:

மூட்டை = 1
@( மூட்டை <= 5 ) வரை
    பதிப்பி மூட்டை
    மூட்டை = மூட்டை + 1
முடி

ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் எண்ணி நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வருகிற ‘வைல்’ என்ற சொல்லுக்கு ‘இருக்கும் காலமெல்லாம்’ என்பது பொருள். ‘வரை’ என்பதற்கோ இரண்டு முகம். ‘மாலை வரை’ என்றால் மாலையோடு நின்றுவிடும். ‘உயிர் உள்ளவரை’ என்றால் உயிர் இருக்கும் காலமெல்லாம். மூட்டை ஐந்தைத் தாண்டாமல் உள்ளவரை என்று வாசித்தால் கணினி செய்வதும் தமிழ் சொல்வதும் ஒன்றாகின்றன. ஐந்தாம் மூட்டை வரை என்று வாசித்தாலும் விடை பிசகவில்லை. போதாததற்கு ‘வரை’ என்றால் எல்லை, கோடு. மீள்செய்கைக்கு வேண்டிய முதல் பண்பு எல்லைதானே. எல்லை இல்லாத மீள்செய்கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

‘பதிப்பி’ என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றேன். திரையில் காட்டு என்பதற்கு ‘அச்சிடு’ என்றோ ‘எழுது’ என்றோ வைத்திருக்கலாம். ‘பதி’ என்றால் பதிதல். ‘பதிப்பி’ என்றால் பதியச் செய். நூல்களைப் பதிப்பித்த ஒரு பெரிய பரம்பரையின் சொல் இது. ஏட்டுச்சுவடிகளைத் தேடியெடுத்து 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் தொழிலை நாம் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை தன் பெயரைத் திரையில் வரச்செய்ய அதே சொல்லைத் தட்டுகிறது. ஒரு சொல் இப்படி ஒரு பரம்பரைக்குள் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போகும் என்பதை நினைக்க மனசு நிறைகிறது.

ஓர் இடத்தில் எனக்குக் கேள்வி வந்தது. தமிழில் வினை கடைசியில் அல்லவா வரும்? ‘லோஞ்சில் போ என்று பதிப்பி’ என்றுதானே சொல்வோம்? இங்கே ‘பதிப்பி’ முன்னால் நிற்கிறதே என்று கேட்டேன். பிறகு கரைவலை இழுக்கிற இடத்தை நினைத்துக்கொண்டேன். “இழு வலையை”, “தள்ளு தோணியை” என்றுதான் அங்கே சத்தம் வரும். அவசரமான ஏவலில் வினையை முன்னால் போடுவதும் தமிழ்தான். கணினிக்குச் சொல்வதெல்லாம் ஏவல்தான். நிபந்தனையில் தமிழின் ஆறுதலான நடை, ஏவலில் தமிழின் அவசர நடை. இரண்டும் எங்கள் வாயில் இருப்பவை.

‘இல்லைஆனால்’ என்று ஒரு சொல்லும் எழிலில் உண்டு. முதல் நிபந்தனை பொய்த்தால் அடுத்ததைப் பார் என்பதற்கு. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் நான் சிவப்புப் பேனாவால் சுழித்து ‘இல்லையானால்’ என்று திருத்துவேன். உடம்படுமெய் வரவேண்டிய இடம். இந்த இடத்தில் நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன். ‘இல்லை’யையும் ‘ஆனால்’ஐயும் தனித்தனியே படித்த பிள்ளை, இரண்டும் சேர்ந்து நிற்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளும். தைத்த இடம் தெரிகிற சட்டை என்றாலும், எப்படித் தைத்தார்கள் என்பதை அது கற்றுக்கொடுக்கிறது.

‘நிரல்’ என்பதும் நேற்று வந்த சொல் அல்ல. வரிசை, ஒழுங்கு என்பது அதன் பொருள். பொருள்கோள் எட்டில் ஒன்றான நிரல்நிறையை உயர்தர மாணவர்கள் படிக்கிறார்கள். சில சொற்களை ஒரு வரிசையில் வைத்து, அவற்றுக்குரிய பொருள்களை அதே வரிசையில் அடுத்து வைப்பது. இல்வாழ்க்கை அதிகாரத்தின் ஒரு குறளில் அன்புக்குப் பண்பும் அறத்துக்குப் பயனும் இப்படி வரிசை மாறாமல் இணைகின்றன. மருமகனுக்கு இதைச் சொன்னபோது கண்ணை விரித்தான். இரண்டு பட்டியல்களை எடுத்து முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் சோடி சேர்க்கிற வசதி பைதனில் இருக்கிறதாம். அவன் அதை ஆங்கிலப் பெயரில் படித்திருந்தான். நாங்கள் அதை அணியாகவும் பொருள்கோளாகவும் படித்துக்கொண்டிருந்தோம்.

எழிலோடு நின்றுவிடாமல் முத்தையா அண்ணாமலையும் கூட்டாளிகளும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நூலகத்தையும் வளர்த்தார்கள். இங்கே நூலகம் என்பது, பைதனில் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல்களின் தொகுப்பு. அதன் அருமையை எங்கள் ஊர்ப் பெயரை வைத்தே காட்டலாம்.

தோப்பூர் என்ற பெயரில் எத்தனை எழுத்து? தோ, ப், பூ, ர். நாலு. முதலாம் வகுப்புப் பிள்ளையும் விரல் மடக்கிச் சொல்லும். கணினியைக் கேட்டால் எட்டு என்கிறது. தமிழை யூனிகோட் முறையில் சேமிக்கும்போது ‘தோ’ என்பது ‘த’ என்ற குறியும் ஓகாரக் குறியும், ‘ப்’ என்பது ‘ப’வும் புள்ளியும், ‘பூ’ என்பது ‘ப’வும் ஊகாரக் குறியும், ‘ர்’ என்பது ‘ர’வும் புள்ளியும். இலக்கணத்தில் ‘ப்’ முதலில் பிறக்கிறது, அகரம் சேர்ந்து ‘ப’ ஆகிறது. கணினியில் ‘ப’ முதலில் நிற்கிறது, புள்ளி வைத்தால்தான் ‘ப்’. பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னால் விபரீதம் இன்னும் தெளிவாகும். தாங்க எழுத்தில்லாத ஒரு புள்ளி தனியாகத் தொங்கும், பிறகு ‘ரூப்போத’ என்று வரும். ‘தோ’வுக்குரிய ஓகாரம் ‘ப’வின்மேல் ஏறிவிட்டது, ‘பூ’வின் ஊகாரத்தை ‘ர’ வாங்கிக்கொண்டது.

ஓப்பன்-தமிழ் அந்த எட்டையும் வாங்கி, எது எதற்கு உரியது என்று பிரித்து, நாலு எழுத்தாகத் திருப்பித் தருகிறது. செய்வது இவ்வளவுதான். ஆனால் சொல்விளையாட்டு, அகரவரிசை, எழுத்துப்பிழை திருத்தல் என்று தமிழில் எதைச் செய்யப் போனாலும் முதல் படி அதுதான். எழுத்தை எழுத்தாக எண்ணத் தெரியாத கருவியால் மேலே ஏற முடியாது.

அந்தப் படியில் கால் வைத்து ஏறினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ‘அவலோகிதம்’ சாட்சி. அது தமிழ் யாப்பை அலகிட்டுக் காட்டும் மென்பொருள். செய்தவர் வினோத் ராஜன். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். ஒரு பாட்டை உள்ளே இட்டால் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று பிரித்து, என்ன பா என்றும் சொல்கிறது. நான் கரும்பலகையில் அரை மணித்தியாலம் செய்வதை அது நொடியில் செய்கிறது. அதனால் எனக்கு வேலை குறையவில்லை. அலகிடுவதை அதனிடம் விட்டுவிட்டு, ஏன் அந்தச் சீர் அங்கே விழுந்தது என்று பிள்ளைகளோடு பேச நேரம் கிடைத்தது.

எங்கள் மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களை நானே ஒருமுறை அலகிட்டுப் பார்த்தேன். தோப்பூர்: தோப், பூர், நேர் நேர், தேமா. வெருகல்: வெரு, கல், நிரை நேர், புளிமா. நிலாவெளி: நிலா, வெளி; நிரை நிரை, கருவிளம். கிண்ணியா: கிண், ணியா; நேர் நிரை, கூவிளம். ஈரசைச் சீர் நாலும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டன. இப்போது என் வகுப்பில் தேமா, புளிமாவை இந்த ஊர்களை வைத்துத்தான் தொடங்குகிறேன். ஒரு பிள்ளையும் மறப்பதில்லை.

அவலோகிதம் என்ற பெயரையும் சற்று நின்று பார்க்கவேண்டும். அகத்தியர் பௌத்தப் போதிசத்துவரான அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. புத்தமித்திரர் செய்த அந்த நூலை 1881இல் பதிப்பித்தவர் அதே சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பதிப்பித்த நூலில் இருக்கும் ஒரு பெயர், நூறாண்டுக்கும் மேல் கழித்து, தமிழைக் கற்றுத்தரும் ஒரு மென்பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் வைக்கிற ஒரு நிமிடத்திலும் செய்தவர் தன் மொழியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

குறையைச் சொல்லாத நயம் முகத்துதி ஆகிவிடும். எழில் பைதனின் தோளில் ஏறி நடக்கிற மொழி. அதனால் வேகம் குறைவு. அதைக் கொண்டு வங்கிக்கு மென்பொருள் எழுத முடியாது. அதை நம்பி யாரும் தொழிலுக்குப் போவதும் இல்லை. எழில் படித்த பிள்ளை ஒருநாள் பைதனுக்கோ ஜாவாவுக்கோ போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் போகும்போது நிபந்தனை என்றால் என்ன, மீள்செய்கை என்றால் என்ன, ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எப்படி என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கும். எண்ணத்தையும் அந்நிய மொழியையும் ஒரே நாளில் சுமக்கவேண்டிய பாரம் இறங்கியிருக்கும். தமிழ்மொழி மூலம் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன உதவி அல்ல.

இந்த ஆக்கங்களின் நயம் எங்கே இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: இயந்திரத்துக்காகத் தமிழை வளைக்காமல், தமிழுக்காக இயந்திரத்தை வளைத்த சின்னச் சின்னத் தெரிவுகளில் இருக்கிறது. ‘ஆனால்’ஐப் பின்னால் நிறுத்தியது ஒரு தெரிவு. எட்டை நாலாக எண்ணியது ஒரு தெரிவு. பெயரைத் தேடி வீரசோழியம் வரை போனது ஒரு தெரிவு. இவற்றைச் செய்யாமல் விட்டிருந்தாலும் நிரல் ஓடியிருக்கும், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தோப்பூரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இன்று எத்தனையோ வீடுகளில் இரவு நெடுநேரம் மடிக்கணினியின் வெளிச்சம் தெரிகிறது. பாடத்துக்காக இல்லாமல் தன் ஆசைக்காக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளை உள்ளே இருக்கலாம். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் கேட்பது ஒன்றுதான். இதனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் போய் இருங்கள். “இதை எனக்கு வாசிச்சுக் காட்டு மகன், இந்தச் சொல்லை ஏன் இங்கே வைச்சாய்?” என்று கேளுங்கள். ஒரு கவிதையைக் கேட்பது போலக் கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு விடை இருக்கும்.